மத்தியான மூட்டை

"பொத்தில்யா... புத்தாவ்..."

அந்தக் குரல் கேட்டபோது மணி பன்னிரண்டே முக்கால். பாசிஹான் தீவு முழுக்கச் சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுத்திருந்தது. நாய் குரைக்கவில்லை. தென்னங்கீற்று அசையவில்லை. வெயில் தாங்காத தகரக் கூரை மட்டும் டக்கென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

பாட்டில், இரும்பு என்று இழுத்துக் கூவுகிற அந்தக் குரல் இசித்ரோவுடையது. இந்தத் தெருக்களில் பதினெட்டு வருடம் தள்ளுவண்டியோடு போய்ப் பழைய சாமான் வாங்கியவன். அவன் கடலோடு போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

காயலான் கடையின் பின்பக்கக் கேட்டில் போன்சோவுக்குக் காவல். முன்பக்கம் டெல்ஃபினா மேடம். குரல் வந்தது முன்பக்கத்திலிருந்து. ஓட வேண்டும் என்று மூளை சொன்னது. எந்தப் பக்கம் என்பதில் காலுக்கும் மூளைக்கும் சின்னத் தகராறு. கடைசியில் மூளை ஜெயித்து, அவனுடைய நூற்றுப்பத்து கிலோவையும் முன்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

அங்கே டெல்ஃபினா துமுலாக் தரையில் உட்கார்ந்திருந்தாள். செபு நகரப் போலீஸில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். போன்சோ அவளுடைய உதவியாள். துப்பாக்கிக்கே அசராத அந்த அம்மாளைக் கடை முதலாளி தென்சியோ மயங்கி விழுந்து சாய்த்திருந்தார். அவர் தலை அவள் மடியில். அவர் கை அவள் மணிக்கட்டில், விலங்கு மாட்டியது போல.

"கேட்டைத் திற போன்சோ!"

"மேடம், அது வந்து..."

"திற!"

திறந்தான். தெரு இரண்டு பக்கமும் வெறிச்சென்று வெயிலில் வெந்துகொண்டிருந்தது. எதிரே தென்னந்தோப்பு. நடுவில், கேட்டை ஒட்டி, கழுத்து இறுகக் கட்டிய ஒரு சாக்கு மூட்டை.

"ஆள் இல்ல மேடம். மூட்டை மட்டும் இருக்கு. பேய் டெலிவரி குடுத்துட்டுக் கையெழுத்துகூட வாங்காமப் போயிடுச்சு."

சொன்னானே தவிர, அவன் முழங்கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

தென்சியோ கண் திறந்ததும் முதலில் மூட்டையைத்தான் பார்த்தார். "பதினாறு," என்றார். "இது பதினாறாவது. மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை, இதே நேரம். அவன் உயிரோட இருக்கறப்போ எனக்கு மூட்டை போட்டதும் முதல் வெள்ளிதான். முடிச்சப் பாருங்கம்மா. அந்த முடிச்சு அவனைத் தவிர யாருக்கும் வராது."

அறுபது வயது மனிதர். சட்டைக்குள் உடம்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. நாலு மாதமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடை முற்றத்தில் பழைய இரும்பு மலையாகக் கிடக்க வேண்டிய இடத்தில் புல் முளைத்திருந்தது.

"ஊர் என்ன சொல்லுது?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"நான்தான் கொன்னேன்னு சொல்லுது. புயல் எச்சரிக்கைக் கொடி ஏத்தியிருந்த நாள்ல நான்தான் அவனைச் சரக்கோட செபுவுக்கு அனுப்பினேனாம். கடைசியா அவனைப் பார்த்தது என் கடையிலதான். இங்க இருந்துதான் மூட்டை ஏத்திக்கிட்டுப் போனான். போகாதேடான்னு வண்டியப் பிடிச்சு இழுத்தேன். 'ஒரு அவசரம், கேக்காதே'ன்னான். அத யார் நம்பறா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊரே வந்து கேட்டுக்குப் பூட்டுப் போடப் போறாங்க. நான் தீவை விட்டே போயிடணுமாம்." அவர் குரல் தேய்ந்தது. "போயிடறேன். ஆனா அவன் எதுக்கு வர்றான்? என் மேல அவனுக்கும் சந்தேகமா?"

டெல்ஃபினா எழுந்து புடைத்த மூட்டையைத் தட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அவர் ஏத்திக்கிட்டுப் போன மூட்டையில என்ன இருந்துச்சு?"

"வெறும் பிளாஸ்டிக் பாட்டில். ஆறு மூட்டை."

"நசுக்கினதா, நசுக்காததா?"

தென்சியோ யோசித்தார். "நசுக்கல. மூடி போட்டு, முழுசா. நான்கூடக் கேட்டேன், ஏண்டா இடத்த அடைக்கறேன்னு."

டெல்ஃபினா போன்சோவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு வியாபாரி புயல்ல படகு அனுப்பறான்னா என்ன அனுப்புவான்?"

"செம்பு. பித்தளை. பேட்டரி."

"காத்தடைச்ச பாட்டில அனுப்புவானா?"

"பைத்தியக்காரன்தான் அனுப்புவான்."

"இல்ல. அது சரக்கே இல்ல. படகு கவுந்தா பிடிச்சுக்கறதுக்கு மிதவை." அவள் தென்சியோவின் தோளில் கை வைத்தாள். "உங்க சிநேகிதர் உங்க சரக்கக் கொண்டுபோகலை. பயந்துக்கிட்டே, தெரிஞ்சே போயிருக்காரு. வேற எதுக்கோ. அது என்னன்னு இந்தப் பதினாறாவது மூட்டை சொல்லும்."

முற்றத்தில் சாக்கைக் கொட்டினாள். பாட்டில்கள் உருண்டன. எல்லாம் கழுவித் துடைத்தவை.

"போன்சோ, இதுல என்ன இல்ல?"

போன்சோ குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். வினிகர், சோயா சாஸ், எண்ணெய், தண்ணீர். ஏழெட்டுப் பால் பவுடர் டப்பா. இன்னொரு தடவை புரட்டினான்.

"ரம் பாட்டில் இல்ல மேடம்! இந்தத் தீவுல ரம் இல்லாத வீடா? பாதிரியார் வீட்டுக் குப்பையிலகூட ரெண்டு கிடக்கும்."

"குடிக்காத வீடு. பால் குடிக்கற குழந்தை இருக்கற வீடு. இதப் பாரு." ஒரு பாட்டிலின் இடுப்பில் ரோஜா நிறத்தில் சின்னச் சின்ன மணிகளாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. "நத்தை முட்டை. நல்ல தண்ணி நத்தை. கடலோரத்துல இது வராது."

"அப்போ ஏரிக்கரை."

"ஏரிக்கரைதான். இப்ப கயிறு."

முடிச்சை அவிழ்க்காமல் கத்தரித்து எடுத்திருந்தாள். மூன்று சுற்று, ஒரு மடிப்பு, உள்ளே புகுந்து மறையும் நுனி. பார்க்க அழகாக இருந்தது. கயிற்றின் ஒரு நுனி மட்டும் நசுங்கியிருந்தது. நசுங்கலில் வரிசையாகப் பள்ளங்கள்.

போன்சோ மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "பல்லு!"

"ம். ஒரு நுனியப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் கட்டியிருக்கு. இசித்ரோ அப்படிக் கட்டுவாரா அண்ணே?"

தென்சியோ இல்லையென்று தலையாட்டினார். "கண்ண மூடிக்கிட்டு ரெண்டு விரல்ல கட்டுவான். பல்லு எதுக்கு?"

"செத்தப்புறம் விரல் மரத்துப் போயிருக்கும்," என்றான் போன்சோ. சொன்ன பிறகு அது வேடிக்கையாக இல்லை என்று அவனுக்கே பட்டது.

*

பெண்கள் சேகரிப்புக் குழுவின் கொட்டகை தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. முப்பது பெண்கள் வாரம் இரண்டு தடவை வீடு வீடாகப் போய்ப் பாட்டிலும் டப்பாவும் அட்டையும் சேர்த்துப் பிரித்து வைப்பார்கள். முன்பெல்லாம் அது அப்படியே தென்சியோ கடைக்குப் போகும். இரண்டு வருடமாக ஒரு மூடிகூடப் போகவில்லை. கொட்டகைக்கு வெளியே மூட்டைகள் ஓலைக்கூரை உயரத்துக்கு ஏறி நின்றன. குழுவின் தலைவி பெர்பெத்துவா. இசித்ரோவின் மனைவி.

அவள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து மூடிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தாளு அனுப்பினானா உங்கள?"

"அவர்தான் அக்கா கூப்பிட்டாரு," என்றாள் டெல்ஃபினா. "ஆனா யார் கூப்பிட்டாலும் நான் உண்மையத்தான் சொல்லுவேன்."

"உண்மை எனக்கே தெரியும். செத்தவரே மாசாமாசம் வந்து அவன் வாசல்ல நின்னு கேக்கறாரே, அது போதாதா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி சொன்னாள், "என் கொழுந்தன் கேட்டிருக்கான். அதே குரல். தோப்புக்குள்ள போய்க் கரைஞ்சிடுமாம்."

போன்சோ தோப்புப் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

டெல்ஃபினா பையிலிருந்து கொஞ்சம் நைலான் கயிறு எடுத்து நீட்டினாள். "அவர் முடிச்சு உங்களுக்கு வருமா அக்கா? ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

பெர்பெத்துவாவின் கை முதல்முறையாக நின்றது. கயிற்றை வாங்கினாள். இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது அவிழ்ந்து விழுந்தது.

"வராது. கத்துக்குடுக்கறேன்னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருந்தாரு. அப்புறம் பாத்துக்கலாம்னேன்."

"ஒரு நுனியப் பல்லுல பிடிச்சுக்கிட்டா?"

"எந்தப் பல்லுல?" என்றாள் அவள். "என் பல்லு தம்ளர்ல ஊறுது." திறந்து காட்டிய வாயில் ஈறுதான் இருந்தது. ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் போன்சோ சொன்னான்: "சந்தேகப் பட்டியல்ல முதல் ஆளே பொக்கை வாய். நமக்குன்னு வந்து வாய்க்குதே மேடம்."

"சிரிக்காத. அந்த அம்மா கைய கவனிச்சியா? கயிறத் திருப்பிக் குடுக்கவே இல்ல."

அவன் கவனித்திருந்தான். அவள் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டதை அவனும் பார்த்திருந்தான். அதனால்தான் வேடிக்கை பேசினான்.

*

ஏரிக்குப் போகிற வழியெல்லாம் மோட்டார் சைக்கிள்காரனின் முதுகுக்குப் பின்னால் டெல்ஃபினா, அவளுக்குப் பின்னால் போன்சோ. பின் சக்கரம் வழிநெடுக அழுதது.

ஏரிக்கரையில் ஒரே ஒரு பெட்டிக்கடை. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் டெல்ஃபினா பால் பவுடர் டப்பாவைக் காட்டினாள்.

"இது இங்க வாங்கினதா தங்கச்சி?"

"நான்தான் வரவழைச்சுத் தர்றேன். இங்க யாரு டப்பாப் பால் குடுக்கறா? எல்லாம் தாய்ப்பாலுதான். அலிப்பியோ வீட்டுக்கு மட்டும்தான் இது. தாய் இல்லாத குழந்தை."

"அலிப்பியோ எப்படி இருப்பாரு?"

"பக்கத்துத் தீவு லெய்தேயிலருந்து வந்தவரு. வாயத் திறந்து பேச மாட்டாரு. குடிக்க மாட்டாரு. திருவிழாவுக்குக்கூட வர்றதில்ல." குரலைத் தாழ்த்தினாள். "ஒத்தக் கைதான்."

போன்சோவும் டெல்ஃபினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கைக்காரனுக்கு இன்னொரு கை பல்தான்.

"கை எப்பப் போச்சு?"

"ரெண்டு வருஷம் முன்னாடி புயலோட. செபு ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துட்டாங்க. எப்படின்னு கேட்டா எழுந்து போயிடுவாரு."

கோரைப் புல்லை விலக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதை கரையோரமாகப் போனது. ஏரி அசையாமல் கிடந்தது. தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் வெள்ளையாக நின்றன, கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிற ஆட்கள் மாதிரி. ஒரு வளைவில் டெல்ஃபினா சட்டென்று நின்றாள்.

புல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பொத்தில்யா... புத்தாவ்..."

மெல்லிய குரல். மனுஷக் குரல்தானா என்று சந்தேகப்பட வைக்கிற அளவுக்கு மெல்லியது.

போன்சோவின் அப்பா அவனுடைய ஒன்பதாவது வயதில் மீன் பிடிக்கப் போனார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவருடைய ஒரு சட்டையைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அதற்கப்புறம் பல வருடம், தெருவில் பின்னாலிருந்து யாராவது இருமினால்கூட அவன் திரும்பிப் பார்ப்பான். அவன் பேய்க்குப் பயப்படுகிறான் என்று டெல்ஃபினா கிண்டல் செய்வது வழக்கம். அவன் பயந்தது பேய் வந்துவிடுமோ என்று அல்ல. வராமலே போய்விடுமோ என்று.

"போன்சோ, இரு!" என்றாள் டெல்ஃபினா.

அவன் இருக்கவில்லை. புல்லைப் பிளந்துகொண்டு குரலை நோக்கி ஓடினான். கோரை முகத்தில் அடித்தது. ஒரு செருப்பு சேற்றோடு போனது.

புல் முடிந்த இடத்தில் ஒரு மூங்கில் குடிசை. வாசலில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, காலி டப்பாவில் கயிறு கட்டி வண்டி போல இழுத்துக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க நின்ற மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, வியாபாரத்தை விடாமல் மறுபடி கூவியது.

"பொத்தில்யா?"

போன்சோ தடாலென்று தரையில் உட்கார்ந்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் வந்தது வேறு.

"என்கிட்ட பாட்டில் இல்லடா கண்ணு. ஒத்தச் செருப்புதான் இருக்கு. எடுத்துக்கறியா?"

குழந்தை கை நீட்டியது.

உள்ளிருந்து ஒருவன் வெளியே வந்தான். முப்பது முப்பத்தைந்து வயது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பின்னால் வந்து நின்ற டெல்ஃபினாவையும், அவள் கையிலிருந்த முடிச்சையும் பார்த்தான். ஓடப் பார்க்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"வருவீங்கன்னு தெரியும்," என்றான். "இவ்வளவு நாள் ஆனதுதான் ஆச்சரியம்."

"அலிப்பியோ, தென்சியோ கடைக்கு மூட்டை போடறது நீங்கதானே?"

"ஆமா."

"குரல் குடுக்கறது?"

"அதுவும் நான்தான். இசித்ரோ அண்ணன் சாகறதுக்கு முன்னாடி அப்படித்தான் செய்யச் சொன்னாரு. 'தென்சியோ மத்தியானம் தூங்கிடுவான், வாசல்ல ஒரு குரல் குடு, அப்பத்தான் எழுந்து வருவான்'னாரு. நான் அவர மாதிரியே கூப்பிட்டுட்டு வந்துடுவேன். நின்னு முகத்தப் பாக்கத் தைரியம் வரல." அவன் குரலில் லேசான பெருமைகூட இருந்தது. "கை ஆறி எழுந்ததுலருந்து ஒரு மாசம் தவறல."

போன்சோ தரையிலிருந்தபடியே கேட்டான்.

"அந்த மூட்டை அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"என்ன?"

"பேயா நடமாடுது. இசித்ரோவ தென்சியோதான் புயல்ல அனுப்பிக் கொன்னாருன்னு ஊர் முடிவு பண்ணிடுச்சு. செத்தவர் வந்து நியாயம் கேக்கறாருன்னு நம்பறாங்க. ஒருத்தரும் அவர் கடைக்குப் போறதில்ல. அந்த மனுஷன் சோறு தின்னு நாலு மாசம் ஆச்சு. நாளன்னைக்கு அவர ஊர விட்டே துரத்தப் போறாங்க. அவர் நம்பறது அதவிட மோசம். தன் சிநேகிதனே தன்னச் சந்தேகப்பட்டு வர்றான்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."

அலிப்பியோவின் முகம் ஒரு நிமிடத்தில் கிழடு தட்டிப்போனது. வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டான்.

"நான்... நன்றிக்கடன்னு நினைச்சு..."

"யாரும் உங்ககிட்ட வந்து சொல்லலையா?"

"நான் யார்கிட்டயும் பேசறதில்லையே," என்றான். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தான். "அண்ணனோட மனைவி, அந்த அக்கா வீடு எங்கன்னு தெரியும். ஒரு தடவை போனேன், சொல்லிடலாம்னு. என் கையப் பாத்துட்டு அவங்க ஒண்ணுமே கேக்கல. ரொட்டியும் காப்பியும் குடுத்தாங்க. பாதி தின்னுட்டு வாயடைச்சுத் திரும்பிட்டேன். இன்னைக்குப் போறேன். அவங்க முன்னாடிதான் சொல்லணும். வேற யார்கிட்டயும் இல்ல."

*

கொட்டகைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெர்பெத்துவா பல்செட்டை மாட்டியிருந்தாள். அலிப்பியோவைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"நீ அன்னைக்கு வந்தவன்தானே? ரொட்டியப் பாதியில வெச்சுட்டு ஓடினியே?"

அவன் அவள் முன்னால் மண்டியிட்டான். குழந்தையை ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இடையில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது போல.

செபு ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பிரசவத்தில் ரத்தம் போய்க்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அவள் ரத்த வகை கிடைக்கவில்லை. அவனுடையது அதே வகை. கப்பல் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். கரையோரம் படகு வைத்திருந்த ஒவ்வொருவர் காலிலும் விழுந்தான். கடைசியில் ஏரிப்பக்கம் பாட்டில் வாங்க வந்த இசித்ரோவின் காலில் விழுந்தான். முன்பின் தெரியாத ஆள்; ஆனால் செபுவுக்குச் சரக்கு கொண்டுபோக ஒரு சின்னப் படகு வைத்திருந்தான்.

"போகலாம்னு சொல்லிட்டாரு அக்கா. ஒரே வார்த்தை. மிதவைக்குப் பாட்டில் மூட்டை எடுத்துட்டு வரேன்னு தென்சியோ அண்ணன் கடைக்குப் போனாரு. 'வீட்ல சொன்னா விட மாட்டா, திரும்பி வந்து திட்டு வாங்கிக்கறேன்'னாரு."

பெர்பெத்துவாவின் கை மடியிலிருந்த கயிற்றைத் தேடியது.

மத்தியானம் அலை படகை உருட்டியது. படகைச் சாயாமல் தாங்கும் பக்க மூங்கில் முறிந்து அலிப்பியோவின் வலது கையை நசுக்கியது. ஐந்து மூட்டை அலையில் போய்விட்டது. மிஞ்சியது ஒன்று. ஒரு மூட்டை ஒரு ஆளைத்தான் தாங்கும். இருவர் பிடித்தால் அமிழ்ந்தது.

"அவர் பிடிச்சுக்கல. பக்கத்துல நீந்திக்கிட்டே பேசிக்கிட்டிருந்தாரு. நான் கண்ண மூடினா கன்னத்துல அடிப்பாரு. தூங்காம இருக்க முடிச்சு போடக் கத்துக்கோன்னாரு. ஒரு கை செத்துப்போச்சுன்னேன். 'பல்லு இருக்கில்ல? பல்லால பிடி'ன்னாரு. அவிழ்த்து அவிழ்த்துப் போட வெச்சாரு. எனக்குச் சரியா வந்ததும் ஒரு சிரிப்பு சிரிச்சாரு. அப்புறம் அதே கயிறால என் இடுப்ப மூட்டையோட கட்டிட்டாரு. 'முதல் வெள்ளிக்கு நான் போகலைன்னா தென்சியோ காத்துக்கிட்டிருப்பான், நீ ஒரு மூட்டை கொண்டுபோய்ப் போடு'ன்னாரு. நான் சரின்னேன். பொழுது சாயறப்போ திரும்பிப் பாத்தேன். பக்கத்துல தண்ணிதான் இருந்துச்சு."

அலிப்பியோ தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் கரை ஒதுங்கறதுக்கு மறுநாள் ஆச்சு. அதுக்குள்ள என் மனைவி போயிட்டா. குழந்தைய மட்டும் குடுத்தாங்க. அவர் எனக்காகப் போனாரு அக்கா. நான் போய்ச் சேரவும் இல்ல. என்னன்னு சொல்லிக்கிட்டு உங்க வாசல்ல நிப்பேன்?"

பெர்பெத்துவா எழுந்தாள். போன்சோ அரை அடி முன்னால் நகர்ந்தான், அவள் அடித்துவிடுவாளோ என்று. டெல்ஃபினா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எழுந்திரு," என்றாள் பெர்பெத்துவா. அவன் எழவில்லை. "அவருக்குக் குளிருச்சா?"

"குளிருச்சுக்கா."

"பயந்தாரா?"

அலிப்பியோ யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "கொஞ்சம். உங்களப் பத்திப் பேசறப்போ மட்டும் நிறுத்தி நிறுத்திப் பேசினாரு."

"என்ன பேசினாரு?"

"மீனுக்கு நீங்க வினிகர் ஜாஸ்தி ஊத்துவீங்களாம். இருபது வருஷமாச் சொல்லாம தின்னுக்கிட்டிருக்கேன்னாரு."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு எது முதலில் வெளியே வருவது என்று தெரியாமல் வந்த சத்தம். முந்தானை இல்லாத தேசம். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்திக்கொண்டாள். மற்ற பெண்கள் அவளைத் தொடப் பயந்து நின்றார்கள். தொட்டது குழந்தைதான். தரையில் இறங்கி வந்து, அவள் காலடியில் சிதறிக் கிடந்த மூடிகளில் சிவப்பாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு போனது.

வெகுநேரம் கழித்து பெர்பெத்துவா துண்டை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் குழுத் தலைவியின் குரலாகிவிட்டிருந்தது.

"அவர் போனது பொழுது சாயறப்போ, இல்லையா? இந்நேரம்."

"இந்நேரம்தான் அக்கா."

"செவ்வாய்க்கிழமை."

"ஆமா."

"ரெண்டு வருஷமா நான் அவருக்கு ஒன்பது நாள் ஜெபம் வைக்கல. எந்த நாள்லருந்து எண்ணறதுன்னு தெரியல. வெச்சா அவர் செத்துட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வேற." அவள் பெண்களைப் பார்த்தாள். "நாளைக்கு என் வீட்ல ஆரம்பம். ஜெபம் நடத்தற பாட்டி வேணாம், நானே ஜெபமாலை சொல்றேன். அலிப்பியோ, நீ முன்வரிசையில உக்காரணும். ஒன்பது நாளும். ஓடினா, ஏரிக்கு வந்து காதப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஞாயித்துக்கிழமை பூட்டு?" என்று மெதுவாகக் கேட்டாள் ஒருத்தி.

பெர்பெத்துவா அவளைப் பார்க்கவில்லை. டெல்ஃபினாவைப் பார்த்தாள். அதைச் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது என்பது போன்சோவுக்குத் தெரிந்தது.

"அந்த மனுஷன நான் ரெண்டு வருஷமா சபிச்சிருக்கேன்மா. தெருவுல வெச்சுத் துப்பியிருக்கேன். நேர்ல போய்ப் பேச இன்னைக்கு வாய் வராது. நீங்க சொல்லுங்க. நாளைக்கு ஜெபத்துக்கு வரச் சொல்லுங்க." துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டாள். "வர்றப்போ நாற்காலி கொண்டு வரச் சொல்லுங்க. ஊரே வரும், என்கிட்ட இருக்கறது பத்தாது."

காயலான் கடைக்கு போன்சோ தனியாகப் போனான். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுமை. தென்சியோ முற்றத்தில், மத்தியானம் விழுந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் குந்தி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னான் போன்சோ. ஒரு வேடிக்கைகூடக் கலக்காமல். வாழ்க்கையில் அவன் அவ்வளவு நேரம் ஒழுங்காகப் பேசியது அதுதான் முதல் தடவை.

காத்துக்கொண்டிருப்பான் என்று இசித்ரோ சொன்ன இடம் வந்தபோது தென்சியோ கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். முடிகிறவரை எடுக்கவில்லை.

பிறகு எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கடையின் பின்கட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பாதி தூரம் போனதும் திரும்பி நின்றார்.

"எத்தனை நாற்காலி வேணுமாம்?"